பார்க்குக்கு டிக்கெட் போடச் சொல்லும் புத்திசாலிகளுக்கு...

இது கொஞ்சம் சூடான பதிவு. பயணக்கட்டுரை என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். ஹோட்டல், விசா, எங்கே சாப்பிடலாம் போன்ற விவரம் எதுவும் இதில் கிடையாது. மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டுப் போயிடறேன்.

போன வாரம் எங்கள் வகுப்பில் செமினார். ஆளுக்குப் பத்து நிமிஷம், தலைப்பு அவரவர் இஷ்டம். எல்லாரும் ஜிஎஸ்டி, ஷேர் மார்க்கெட், கிரிப்டோ என்று போக, நான் மட்டும் ஒரு பூங்காவைப் பற்றிப் பேசினேன். 2025 மே மாதம் மூன்று வாரம் மெக்சிகோ சிட்டியில் அக்கா வீட்டில் இருந்தேன் (அத்தானுக்கு அங்கே சாஃப்ட்வேர் வேலை). அங்கே பார்த்த சாப்புல்தெபெக் பூங்காதான் என் தலைப்பு. நாலு போட்டோ காட்டி, உள்ளே போக டிக்கெட்டே கிடையாது என்றும் சொன்னேன்.

பேசி முடித்ததும் சார் கேட்டார். "எல்லாம் சரிப்பா. அவ்வளவு பெரிய ஊருக்கு நடுவுல இத்தனை ஏக்கர் சும்மா கிடக்கு. உள்ள போகக் காசும் வாங்கலைங்கிற. அப்போ அதுல ரிட்டர்ன் என்ன? நீ காமர்ஸ் ஸ்டூடண்ட்தானே?"

வகுப்பே சிரித்தது. நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்து, "இல்ல சார்... மரம் எல்லாம்..." என்று ஏதோ உளறிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நமக்குச் சரியான பதில் எப்பவுமே ராத்திரி ரெண்டு மணிக்குத்தானே வரும்? அப்படி வந்த பதில்தான் இது. சார் மேல் கோபம் இல்லை. அவர் கேட்டது அவர் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. சிரித்த அறுபது பேரும் அதே கட்சிதான். அந்தக் கட்சி எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லா ஊரிலும் ஜெயித்துக்கொண்டும் இருக்கிறது. அதுதான் கவலை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஊட்டி உயரம். ஆனால் ஊட்டி என்று கற்பனை செய்யாதீர்கள். இரண்டு கோடிக்கும் மேல் ஜனம் நெருக்கியடித்து வாழும் கான்கிரீட் காடு. அதற்கு மேற்குப் பக்கத்தில் ஒரு குன்று, அதைச் சுற்றி நிஜக் காடு. 'சாப்புல்தெபெக்' என்றால் அஸ்டெக் மக்களின் நவாட்ல் மொழியில் வெட்டுக்கிளிக் குன்று. அங்கே இறங்கும் மெட்ரோ ஸ்டேஷனின் சின்னமும் வெட்டுக்கிளிதான். பழைய மூன்று பகுதிகள் சேர்ந்தே 686 ஹெக்டேர். பிற்பாடு ராணுவத்திடமிருந்து வாங்கிச் சேர்த்த நான்காம் பகுதியையும் கூட்டினால் ஏறக்குறைய 2000 ஏக்கர். நியூயார்க் சென்ட்ரல் பார்க் 341 ஹெக்டேர்தான். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

உள்ளே ஏரி, படகு, மியூசியங்கள், குன்றின் மேல் ஒரு கோட்டை, மிருகக்காட்சிசாலை என்று எல்லாம் உண்டு. ஆனால் என்னை நிறுத்தி வைத்தவை மரங்கள். அஹுவெஹுவெத்தே என்று ஒரு மரம், மெக்சிகோவின் தேசிய மரம். பெயருக்கு 'தண்ணீரின் கிழவர்' என்று பொருள் சொல்கிறார்கள். நாலைந்து பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத மரங்கள் இருக்கின்றன. கொலம்பஸ் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, நெசவால்கோயோட்ல் என்ற அரசர் இங்கே இவற்றை நட்டதாக மரபு. 'எல் சார்ஜெந்தோ' என்று பேர் வைத்த ஒன்று ஏறக்குறைய 500 வருஷம் வாழ்ந்து 1969-ல் செத்தது. வெட்டவில்லை. மொட்டைத் தண்டு இன்னும் நிற்கிறது. செத்த மரத்தை விறகுக்கு ஏலம் விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று முதலில் எனக்கே ஆச்சரியம். அப்ப நானும் அந்த அறுபது பேர் கட்சியில்தான் இருந்தேன் :-)

கட்சி மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு காலையில் பக்கத்துப் பெரிய சாலையான ரெஃபோர்மாவில் கார்களை நிறுத்திவிட்டு சைக்கிள்காரர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். பூங்காவுக்குள்ளே திருவிழாக் கூட்டம். வெட்டிய மாம்பழத்தில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிறார்கள் (ஆமாங்க, நம்ம மாதிரியே!). பஞ்சுமிட்டாய், மல்யுத்த வீரர்களின் முகமூடி, பிள்ளைகள் முகத்தில் புலி வரைகிறவர்கள். ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் ஒரு குடும்பம் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடியது. மரத்தில் பலூன், தரையில் போர்வை, டப்பா டப்பாவாகச் சாப்பாடு. நாங்கள் பக்கத்து பெஞ்சில். என்னுடைய திருதிரு முழியைப் பார்த்த பாட்டியம்மா ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டார். அத்தான்தான் ஸ்பானிஷில் பேசினார். அவர்கள் வந்தது எகாடெபெக்கிலிருந்து. நகரத்துக்கு வடக்கே, எல்லைக்கு வெளியே இருக்கும் நெரிசலான புறநகர். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வராததற்குப் பேர் போன ஊர். பஸ், அப்புறம் மெட்ரோ என்று மாறி மாறி இரண்டு மணி நேரம் வந்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், குழந்தைகளோடு சேர்த்து 14 பேர்.

இப்போது நம் புத்திசாலிகளின் முதல் வாதத்துக்கு வருவோம். "சும்மா ஒரு சின்ன டிக்கெட் போட்டா என்ன? இருபது பெசோதானே? யாருக்கு வலிக்கும்?"

கணக்குப் போடலாம், நாம்தான் காமர்ஸ் ஆச்சே. 14 பேருக்கு 20 பெசோ என்றால் 280 பெசோ. 2025-ல் மெக்சிகோவின் பொதுக் குறைந்தபட்ச நாள் கூலி எவ்வளவு தெரியுமா? 278 பெசோ 80 சென்டாவோ. அதாவது உங்கள் 'சின்ன டிக்கெட்' அந்தக் குடும்பத்தில் ஒருவரின் முழு நாள் உழைப்பை வாசலிலேயே பிடுங்கிக்கொள்ளும். மெட்ரோவுக்குக் கொடுக்கும் 5 பெசோ தனி. பிறகென்ன, அவர்கள் வரமாட்டார்கள். பொலாங்கோவிலிருந்து ஜாகிங் வருகிறவர்கள் மட்டும் வருவார்கள். 'கூட்டம் குறைஞ்சு பார்க் நல்லா மெயின்டெய்ன் ஆகுது' என்று நாமும் ரிப்போர்ட் எழுதுவோம். யார் குறைந்தார்கள் என்பதற்கு அந்த ரிப்போர்ட்டில் காலம் இருக்காது.

உள்ளே காசே வாங்குவதில்லை என்று நான் சொல்லவில்லை. கோட்டைக்கும் சில மியூசியங்களுக்கும் டிக்கெட் உண்டு, படகுக்கு வாடகை உண்டு. வேண்டியவர்கள் கொடுக்கலாம். ஆனால் மரத்தடியில் உட்காரக் காசு இல்லை. மிருகக்காட்சிசாலைக்கும் இல்லை. அங்கே ஷின் ஷின் என்று ஒரு பாண்டா. 1990-ல் அங்கேயே பிறந்தது, நான் பார்த்தபோது 34 வயது, பாண்டா கணக்கில் கொள்ளுப்பாட்டி. இப்போதெல்லாம் சீனா எந்த நாட்டுக்கும் பாண்டாவைச் சும்மா கொடுப்பதில்லை. குத்தகைதான், வருடா வருடம் பணம் கட்டணும். ஆனால் ஷின் ஷினின் தாத்தா பாட்டி 1975-ல் சீனா பரிசாகக் கொடுத்தவை. அதனால் இது குத்தகைக் கணக்கில் வராத பாண்டா. அதைப் பார்க்க நானும் ஒரு பைசா கொடுக்கவில்லை, எகாடெபெக் பிள்ளைகளும் கொடுக்கவில்லை.

இரண்டாவது வாதம், சார் கேட்டது. ரிட்டர்ன் என்ன? ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் என்ன? அந்த நிலத்தில் அபார்ட்மென்ட் கட்டியிருந்தால்?

ஐயா, ரிட்டர்ன் இருக்கிறது. அது வேறு ஒருவர் கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். பூங்காவின் வடக்குப் பக்கம் பொலாங்கோ, நாட்டிலேயே விலை உயர்ந்த இடங்களில் ஒன்று. அத்தான் ஒரு அபார்ட்மென்ட் விளம்பரம் காட்டினார். அதில் முதல் படம் சமையலறை இல்லை, படுக்கையறை இல்லை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் பூங்கா! அந்த ஜன்னலுக்காக வாங்குகிறவர் கொடுக்கும் கூடுதல் பணம் பூங்காவுக்கா போகிறது? பில்டருக்குப் போகிறது. எக்ஸ்டர்னாலிட்டி என்று ஒரு பாடம் இருக்கே, பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்தோமே, அது இதுதான். பலனை ஊரார் எடுத்துக்கொண்டு போன பிறகு, 'உன் கையில் ஏன் காசு இல்லை' என்று பூங்காவைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. இன்றைய வடிவத்துக்கு இந்தப் பூங்காவைத் திருத்தி அமைத்த வேலையை முன்நின்று நடத்தியவர் ஒரு நிதியமைச்சர்! ஹொசே லிமாந்தூர். போர்ஃபிரியோ டியாஸ் என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில், 19-ம் நூற்றாண்டு முடிந்து 20 பிறந்த சமயத்தில் நடந்தது. அந்த ஆட்சிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அப்போது அது மேட்டுக்குடியினர் குதிரை வண்டியில் உலா வருவதற்காகவே அமைக்கப்பட்டது. ஆனால் கஜானா சாவியைக் கையில் வைத்திருந்தவருக்கே ஊர் நடுவே காடு இருப்பது வீண்செலவாகத் தோன்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பிற்பாடு வந்தவர்கள் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார்கள். குன்றின் மேல் இருக்கும் கோட்டையில் முன்பு ஜனாதிபதிகள் குடியிருந்தார்கள். 1930-களில் லாசரோ கார்டெனாஸ் 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, பூங்காவிலேயே லோஸ் பினோஸ் என்ற எளிமையான வீட்டுக்குப் போனார். கோட்டை மியூசியம் ஆனது. அந்த லோஸ் பினோஸும் நாளடைவில் பெரிய மாளிகையாக வளர்ந்துவிட, 2018 டிசம்பர் 1 அன்று அதையும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இலவசம்தான். ஜனாதிபதிகள் நடந்த வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்க நானும் நடந்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாதம்: "ஓசின்னா குப்பை பண்ணிடுவாங்க. தனியார்கிட்ட கொடுத்தா சுத்தமா இருக்கும்."

குப்பை விழுகிறது, உண்மை. ஞாயிறு சாயங்காலம் நானே பார்த்தேன். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் டிக்கெட் இல்லை, ஓய்வு. முதல் பகுதிக்குத் திங்கட்கிழமை லீவு! கேட்டைப் பூட்டி, துப்புரவுப் பணியாளர்களும் தோட்டக்காரர்களும் மட்டும் வேலை பார்க்கிறார்கள். (இது தெரியாமல் முதல் தடவை ஒரு திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்து பல்ப் வாங்கியது தனிக்கதை.) 2004-ல் நிலைமை மோசமானபோது மாதக்கணக்கில் மூடி மராமத்து பார்த்து 2005-ல் திறந்தார்கள். ஆள் போட்டால், கவனித்தால் சுத்தமாக இருக்கும். டிக்கெட் கவுன்ட்டர் எந்த ஊரிலும் குப்பை பொறுக்கியதில்லை.

தனியார்? அதையும் அங்கே பார்த்தாச்சு. இரண்டாம் பகுதியில் லா ஃபெரியா என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா, தனியார் நடத்தியது, காசு கொடுத்துத்தான் உள்ளே போகணும். 2019 செப்டம்பரில் அங்கே ரோலர் கோஸ்டரின் பெட்டி தடம் புரண்டு இரண்டு பேர் செத்துப்போனார்கள். பராமரிப்புக் குறைபாடுதான் பிரச்சினை என்று விசாரணையில் பேச்சு வந்து, உரிமத்தை ரத்து செய்தார்கள். காசு வாங்கினால் பராமரிப்பு தானாக வந்துவிடும் என்பவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்களோ என்னவோ.

இப்போது முக்கியமான விஷயம். தண்ணீர்.

இந்தக் குன்றடியில் ஒரு காலத்தில் ஊற்றுகள் இருந்தன. ஏரி நடுவே கட்டிய அஸ்டெக் தலைநகரம் தெனோச்டிட்லானுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் கால்வாய் வழியாகப் போனது. ஏரியில் மிதக்கும் ஊர், ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது! 1521-ல் கோர்ட்டெஸின் படை ஊரை முற்றுகையிட்டபோது முதல் வேலையாக இந்தக் கால்வாயைத்தான் உடைத்தார்கள். ஊரின் கழுத்து எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்திருந்தது. 1530-ல் ஸ்பெயின் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தக் காடு நகரத்துக்குச் சொந்தம் என்று ஆணை போட்டார். அதன்பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் ஊர் இந்தத் தண்ணீரைக் குடித்தது.

அப்புறம் ஊர் வளர்ந்தது. கிணறு, பம்பு, இன்னும் ஆழமான கிணறு. ஊற்றுகள் 20-ம் நூற்றாண்டில் வற்றியே போய்விட்டன. காமர்ஸ் பாஷையில் சொன்னால், வட்டியைத் தின்று முடித்து முதலிலேயே கை வைத்துவிட்டார்கள். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச ஊரே உட்கார்ந்துகொண்டிருக்கிறது. சில இடங்களில் வருஷத்துக்கு 40 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்குகிறது. பழைய தேவாலயங்கள் சாய்ந்து நிற்பதைச் சும்மா நடந்து போகும்போதே பார்க்கலாம்.

சொந்தத் தண்ணீர் தீர்ந்தால் அடுத்தவன் தண்ணீர்தானே? மலைக்கு அந்தப் பக்கம் லெர்மா பள்ளத்தாக்கிலிருந்து குகை தோண்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1951-ல் அது வந்து சேர்ந்த இடம் இதே பூங்காவின் இரண்டாம் பகுதியில் கார்கமோ என்னும் கட்டடம். அங்கே தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் சுவரிலும் டியேகோ ரிவேரா ஓவியம் தீட்டினார். தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டிய ஓவியம்! தண்ணீர் அதை அரித்தது. பிற்பாடு தண்ணீரை வேறு வழியில் திருப்பி, ஓவியத்தைச் செப்பனிட்டிருக்கிறார்கள். குகை வாசலில் தண்ணீர் ஏந்திய இரண்டு பெரிய கைகளை வரைந்திருக்கிறார். நான் போன அன்று அங்கே என்னையும் அக்காவையும் தவிர யாரும் இல்லை. காய்ந்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றோம். லெர்மாவில் வற்றிய ஏரிகளையும், பிழைப்புப் போன விவசாயிகளையும் யாரும் அங்கே வரைந்து வைக்கவில்லை. லெர்மாவும் போதாமல் 1982-ல் குட்ஸமாலா திட்டம். ஆயிரம் மீட்டருக்கும் மேல் தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். கரண்ட் பில்லை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2024-ல் அந்த அணைகளும் வரலாறு காணாத அளவுக்கு இறங்கி, ஊருக்குத் தண்ணீரே நின்றுபோகும் நாள் எது என்று பேப்பரில் தேதி குறிக்கும் அளவுக்குப் போனது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க மிச்சமிருக்கும் பெரிய நிலங்களில் ஒன்றைப் பார்த்து, "சும்மா கிடக்கு" என்கிறோம்!

சரி, அரசாங்கம் செய்ததெல்லாம் சரியா என்றால் அதுவும் இல்லை. 1964-ல் மானிடவியல் மியூசியம் கட்டியபோது, கோவாட்லின்சான் என்ற கிராமத்திலிருந்து மழைக்கடவுள் ட்லாலோக் என்று சொல்லப்படும் 168 டன் கற்சிலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர் மக்கள் மறித்துப் பார்த்தார்கள், வண்டியைக்கூடக் கெடுத்துப் பார்த்தார்கள். ராணுவத்தை இறக்கித்தான் கொண்டு போனார்கள். சிலை வந்திறங்கிய அன்று மழைக்காலமே இல்லாத ஏப்ரலில் பேய்மழை கொட்டியது என்று இன்றும் சொல்கிறார்கள். தண்ணீரையும் அடுத்த ஊரிலிருந்து எடுத்தாச்சு, மழைக்கடவுளையும் எடுத்தாச்சு. பெரிய ஊர்களின் குணம் அது.

2019-ல் ஆரம்பித்த பெரிய புதுப்பிப்புத் திட்டமும் அப்படித்தான். காப்ரியேல் ஓரோஸ்கோ என்ற உலகப் புகழ்பெற்ற கலைஞர் தலைமையில், சுமார் 1000 கோடி பெசோ. கொரோனா காலத்தில் நாடு முழுக்கக் கலைஞர்கள் வேலையில்லாமல் தவித்தபோது, கலாசார பட்ஜெட்டின் பெரிய பங்கு இந்த ஒரு பூங்காவுக்கு ஏன் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஏற்கனவே வசதியான மேற்குப் பக்கத்துக்கே மேலும் மேலும் கொட்டுவதைவிட எகாடெபெக்கிலேயே ஒரு பூங்கா வைத்திருக்கலாமே? அந்தப் பாட்டி இரண்டு மணி நேரம் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வந்திருக்க வேண்டாமே? இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் வந்த கேபிள்பஸ்ஸில் (2024 செப்டம்பரில் திறந்த மூன்றாவது லைன்) நான் ஏறினேன். மேற்குக் குன்றுகளின் சாதாரணக் குடியிருப்புகளிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் மர உச்சிகளுக்கு மேலே அலட்டிக்கொள்ளாமல் போன் பார்த்துக்கொண்டு போனார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பணம் செலவு செய்வதை நான் எதிர்க்கவில்லை. யார் உள்ளே வர முடிகிறது என்பதை வைத்து அந்தச் செலவை அளங்கள் என்கிறேன்.

ஆக, சார், உங்கள் கேள்விக்கு லேட்டாக என் பதில். ரிட்டர்ன் இருக்கிறது. கொஞ்சம் பக்கத்து வீட்டு வாடகையில், கொஞ்சம் மண்ணுக்கு அடியில், கொஞ்சம் எகாடெபெக்கில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் போட்டோவில். இதில் எதையும் வாசலில் டிக்கெட் கிழித்து வசூல் பண்ண முடியாது. வசூல் பண்ணப் போனால் இருக்கிறதும் போய்விடும். ஊற்று போன மாதிரி. ஒரு தடவை போனால் எத்தனை கோடி கொட்டினாலும் அது திரும்பி வராது என்பதை அந்த ஊர் செலவு பண்ணியே நிரூபித்திருக்கிறது.

அடுத்த செமினாரில் இதையே தலைப்பாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

டிஸ்கி: அந்த கேக் செம டேஸ்ட். மூன்று பாலில் ஊறவைத்த கேக் என்று அத்தான் சொன்னார். பாட்டிக்கு 'கிராசியாஸ்' என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.